கற்றலும் ஊக்கமும்: உளவியல் காட்டும் வழி

கல்வியைப் போற்றாத புலவர் தமிழில் இலர். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வளவில் அமையாது ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்தார். கற்றலும் ஊக்கமும் முயற்சியும் தம்முள் வேறானவை. ஆயினும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்னும் தெளிவு அந்தப் பகுப்பிலேயே அடங்கிக் கிடக்கிறது. மேலைநாட்டில் உளவியல் என்னும் துறை தனக்கென ஓர் ஆய்வுக்கூடம் கண்டது 1879-ஆம் ஆண்டில், செருமனியின் லைப்சிக் நகரில், வில்லெம் வூண்ட் என்னும் பேராசிரியரால். அன்று தொட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக, மனிதன் எவ்வாறு கற்கிறான், எதனால் ஊக்கம் கொள்கிறான், ஏன் ஒருவன் வெல்ல மற்றொருவன் பின்தங்குகிறான் என்னும் வினாக்களை அறிஞர்கள் இடையறாது ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாய்வுகள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த வகையில் பயன்படும் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்பட்டியில் நாம் காண்பது

நாம் வாழும் செம்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து தேனி செல்லும் சாலையும் மதுரைப் பக்கத்திலிருந்து பழனி செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர். தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் அலையலையாக இவ்வழியே நடந்து செல்வர். மேற்கே ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகள். தெற்கே நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள். கிழக்கே சின்னாளபட்டியில் தறியும் சுங்குடியும். பெற்றோர் பலர் தோப்பு வேலைக்கும் பூப்பறிக்கவும் நூற்பாலைக்கும் செல்பவர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய பிள்ளைக்கு மறுநாளே வேலை காத்திருக்கும் ஊர் இது. ஆகவே இங்கே ஒரு பிள்ளை "எனக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிட்டால், அவன் வாழ்க்கை எத்திசையில் திரும்பும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது.

பணி ஓய்வு பெற்ற பின் மாலை வேளைகளில் நம் வீட்டு முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடிப் படிக்கின்றனர். அவர்களுள் ஒருவன் விடுமுறை நாள்களில் தேங்காய் வியாபாரி ஒருவரிடம் காய் எண்ணும் வேலை செய்பவன். கைக்கு இரண்டாக அவன் காய்களை எடுத்துப் போடும் வேகத்தை நம் கண்ணால் தொடர முடியாது. ஒருநாள் அவனிடம், "ஆயிரத்து நானூறு காய்; நூற்றுக்கு ஐந்து காய் கழிவு; எத்தனை காய்க்குப் பணம் வரும்?" என்று வினவினோம். "ஆயிரத்து முந்நூற்று முப்பதுங்க சார்" என்று நொடியில் விடை வந்தது. பிறகு அவனுடைய கணக்குப் புத்தகத்தை விரித்து, 1400-இல் 5 விழுக்காடு கழித்தால் எவ்வளவு என்னும் கணக்கை எழுதச் சொன்னோம். அவன் முகம் மாறியது. எழுதுகோலை வைத்துவிட்டான். "எனக்குக் கணக்கு வராதுங்க சார்" என்றான்.

இரண்டும் ஒரே கணக்கு. அவன் மூளையும் ஒன்றே. அப்படியிருக்க, கடைத்தெருவில் வந்த விடை வீட்டில் ஏன் வரவில்லை?

இது செம்பட்டிப் பிள்ளை ஒருவனின் கதை மட்டும் அன்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய நோபல் பரிசாளர்கள் தம் ஆய்வுத் தோழர்களுடன் கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறார்களை ஆராய்ந்து 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. பல பொருள், பல விலை என்று வரும் கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே போட்டுச் சரியான சில்லறை தந்த அச்சிறார்கள், அதே வகைக் கணக்குகளைப் பள்ளிக்கூட முறையில் எழுதித் தந்தபோது தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகளோ ஏட்டுக் கணக்கைப் போட்டனர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். அறிவு இருவரிடமும் இருந்தது. ஒரு களத்தில் கற்றதை மறுகளத்திற்குக் கொண்டு செல்லும் பாலத்தை இருவருக்கும் யாரும் கட்டித் தரவில்லை. "இவனுக்குக் கணக்கு வராது" என்னும் தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

விளைவு விதி

கற்றல் உளவியலின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கர் எட்வர்டு தார்ண்டைக். 1898-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பசித்த பூனைகளை மரக்கூண்டுகளில் அடைத்து, அவை எவ்வாறு தாழை நீக்கி வெளிவருகின்றன என்று நோக்கினார். முதலில் பூனை அங்குமிங்கும் பாய்ந்தது, பிறாண்டியது, தற்செயலாகத் தாழ் நீங்கியது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் குறைந்து, பயன் தந்த செயல் மட்டும் நிலைத்தது. இதனையே 'முயன்று தவறிக் கற்றல்' என்று ஆசிரியர் பயிற்சி நூல்கள் குறிக்கின்றன. மகிழ்ச்சி தரும் விளைவைப் பெற்ற செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட 'விளைவு விதி'.

பூனைக்கு இருந்த ஒரு வாய்ப்பு நம் பிள்ளைகள் பலருக்கு இல்லை. தாழை அழுத்தியதும் கதவு திறப்பதைப் பூனை கண்டது. தன் செயலுக்கும் அதன் பயனுக்கும் உள்ள தொடர்பு அதன் கண்முன் இருந்தது. பிள்ளையோ சூன் மாதத்தில் படிக்கிறான்; அதன் பயனை ஏப்பிரல் மாதத்தில், தாளில் எழுதிய ஓர் எண்ணாக அறிகிறான். தேங்காய்க் குவியலுக்கு அருகில் ஒரு காய் தப்பினாலும் அப்போதே தெரியும். ஏட்டில் எங்கே தப்பியது என்று அவனுக்குத் தெரிவதில்லை. முயற்சிக்கும் பயனுக்கும் இடையிலான தொடர்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஊக்கம் பிறக்கிறது. அத்தொடர்பு மறைந்த இடத்தில் ஊக்கம் மடிகிறது. உளவியலார் வெவ்வேறு பெயர்களில் கூறிய பல கோட்பாடுகளை இந்த ஒரு கருத்தில் இணைத்துக் காணலாம் என்பது நம் துணிபு.

மறதியும் மீட்டலும்

'படித்தேன், மறந்துவிட்டேன்' என்று வருந்தாத மாணவர் இலர். செருமானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. எஞ்சியது மெல்லத் தேய்கிறது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பயின்றால் நினைவு நிலைக்கிறது என்பன அவர் கண்ட முடிவுகள். ஆகவே மறதி தனியொருவனின் குறை அன்று. மனித மனத்தின் இயல்பு. இதனை அறியாத மாணவன் மறதியைத் தன் மடமைக்குச் சான்றாகக் கொண்டு சோர்கிறான்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றலின் இலக்கணத்தை விரிவாக உரைக்கிறது. ஒருமுறை கேட்டதோடு அமையாமல், நூலை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பதால் வரும் தெளிவை அது படிப்படியாகக் கூறுகிறது. அதற்குப் பின், 1377-இல், வட ஆப்பிரிக்காவில் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா' நூலில் ஏறத்தாழ இதே முறையை வகுத்தார். முதல் சுற்றில் பாடத்தின் தலையாய செய்திகளை மட்டும் சுருக்கமாகக் கற்பித்தல். இரண்டாம் சுற்றில் விளக்கமும் வேறுபாடுகளும். மூன்றாம் சுற்றில் ஐயம் எதுவும் எஞ்சாமல் முழுமை என்பது அவர் நெறி. தமிழ் இலக்கணியும் அரபு வரலாற்றறிஞரும் ஒருவரையொருவர் அறியாமலே மும்முறைப் பயிற்சியில் ஒன்றுபட்டது எண்ணி மகிழத்தக்கது.

திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்யும் ஹாபிழ் மாணவர்களின் பயிற்சியை மதரஸாக்களில் கண்டோர், இதன் செயல்வடிவத்தைக் கண்டோராவர். அன்று கற்ற புதிய பாடம், அண்மை நாள்களில் ஓதிய பாடம், நெடுநாள் முன் ஓதி முடித்த பாடம் ஆகிய மூன்றையும் முறை வைத்து உஸ்தாதிடம் பாராமல் ஒப்புவிக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து நூறு முறை படிப்பதும், ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பதும் வேறு வேறு செயல்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் செய்த ஆய்வு இவ்வேறுபாட்டை அளந்து காட்டியது. ஒரு பகுதி மாணவர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு பகுதியினர் ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவரே முன்நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ எழுதிப் பார்த்தவர் முந்தினர். நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே என்பது இவ்வாய்வின் சிறப்பான செய்தி. படிப்பது போன்ற தோற்றத்திற்கும் கற்றலுக்கும் உள்ள தொலைவு அது.

நன்னூலார் மற்றுமோர் அரிய கருத்தையும் கூறுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்கு வாங்கிக்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்த வழக்கம் இக்கருத்துக்கு இயைந்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றினார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் முன்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தம்பிக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும்போது, இடையில் தானே நின்று, "இருடா, இது எனக்கே இப்பதான் புரியுது" என்று சொன்னதைக் கேட்டோம். நன்னூலாரின் அரைப்பங்கு அன்று நம் கண்முன் விளங்கியது.

ஊக்கத்தின் ஊற்றுகள்

பசித்த வயிறு பாடம் கேளாது என்பது பாமரரும் அறிந்த உண்மை. உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவு என மனிதத் தேவைகளை நிரல்படுத்தி 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ எழுதினார். அதற்கு முன்பே, 1920-இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலத்தில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது. ஊக்கத்தின் முதற்படியை அரசே ஏற்றுக்கொண்ட வரலாறு தமிழகத்திற்கு உண்டு. அதற்கு மேலுள்ள படிகளில்தான் நம் கவனம் செல்ல வேண்டும்.

பரிசு தந்தால் ஊக்கம் வளரும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மை அன்று. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய ஆய்வாளர்கள், இயல்பாகவே படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தனர். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே கூறினர். சில நாள்கள் கழித்து, பரிசுப் பேச்சு எதுவும் இல்லாத வேளையில் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகளின் நாட்டம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. உள்ளத்தில் ஊறிய விருப்பத்தின்மேல் புறத்தே ஒரு விலைச்சீட்டை ஒட்டியதும், விருப்பம் விலையாக மாறிவிட்டது. பரிசே கூடாது என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை. முயற்சியை அறிந்து போற்றும் பரிசு நன்று. முயற்சிக்குக் கூலி பேசும் பரிசு தீது.

அடைவூக்கம் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்கிளெல்லண்டு. 1961-இல் வெளிவந்த அவர் நூல், சாதிக்கும் வேட்கை மிக்கோரின் இயல்பை விளக்கியது. அவர்கள் மிக எளிய இலக்கையும் நாடார்; எட்டாத இலக்கையும் நாடார்; முயன்றால் எட்டும் நடுத்தர இலக்கைத் தேர்வர். தாம் எவ்வளவு முன்னேறினோம் என்பதை உடனுக்குடன் அறிய விரும்புவர். இவ்வேட்கை பிறவியில் மட்டுமே வருவதா, பயிற்சியால் வளர்க்கக்கூடியதா என்று அறிய, 1964-இல் ஆந்திர மாநிலக் காக்கிநாடாவின் சிறு தொழில் முனைவோர்க்கு ஐதராபாத்தில் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பின்னைய ஆண்டுகளில் பிறரினும் மிகுதியாகத் தொழிலில் முனைந்தனர் என்று 1969-இல் டேவிட் வின்டருடன் எழுதிய நூலில் அவர் பதிவு செய்தார். பிறப்பும் குலமும் பழைய பழக்கமும் நம் மக்களின் முனைப்பைக் கட்டிப் போட்டிருக்கின்றன என்று பேசியோர்க்கு அது தக்க மறுமொழியாயிற்று.

இவ்விடத்தில் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் "கலெக்டர்" என்பர். "நாளைக்கு என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால் விடை இராது. நெடுந்தொலைவில் ஒரு சிகரம் தெரிகிறது. காலடியில் முதற்படி தெரியவில்லை. சிகரத்தைக் காட்டுவோர் ஆண்டு விழா மேடைகளில் பலர். படியைக் காட்டுவோரே தேவை. இன்று மாலைக்குள் இவ்வைந்து கணக்கு, இவ்வாரத்திற்குள் இந்த ஒரு பாடல் என்று வகுத்துத் தந்து, முடித்ததை அவனே குறித்துக்கொள்ளச் செய்தால், அவ்வெற்றி சிறிதாயினும் அவனுடையது. தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையை வளர்ப்பவற்றுள் தலையாயது, தானே செய்து கண்ட வெற்றி என்று 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா எழுதினார். அறிவுரையால் வரும் நம்பிக்கை அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்கும்.

நோக்கும் சொல்லும்

தோல்வி யாவர்க்கும் வருவதே. அத்தோல்விக்கு ஒருவன் என்ன காரணம் கற்பித்துக்கொள்கிறான் என்பதே அவன் அடுத்த அடியை முடிவு செய்யும் என்றார் பெர்னார்டு வைனர். 'நான் போதிய பயிற்சி செய்யவில்லை' என்று எண்ணுபவன் மீண்டும் முயல்வான். முயற்சி அவன் கையில் உள்ளது. 'என் தலையெழுத்து', 'என் மண்டையில் ஏறாது' என்று எண்ணுபவன் ஏன் முயல வேண்டும்? எழுதிய எழுத்தை அழிக்க யாரால் இயலும்? நம் நாட்டில் தலையெழுத்து என்னும் சொல் துயருற்றோர்க்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலின் மீது அச்சொல்லைச் சொல்வது, அவன் முயற்சியைப் புதைப்பதாகும்.

இத்தகைய காரணங்களைப் பிள்ளை தானே கண்டுபிடிப்பதில்லை. சுற்றியுள்ளோர் கண்ணிலும் வாயிலும் கற்றுக்கொள்கிறான். 1968-இல் ரோசந்தால், ஜேக்கப்சன் ஆகிய இருவரும், ஒரு பள்ளியில் சில மாணவரைச் சீட்டுக் குலுக்குவது போல் தேர்ந்து, 'இவர்கள் இவ்வாண்டில் மலரப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் கூறிவைத்தனர். கீழ் வகுப்புகளில் அவ்வாறு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறினர். அவ்விளைவின் அளவைப் பற்றிப் பின்வந்தோர் ஐயம் எழுப்பினர். முதலில் கருதிய அளவுக்கு அது பெரிதன்று என்பதே இன்றைய முடிவு. ஆயினும் ஆசிரியரின் நோக்கு பிள்ளையைத் தொடுகிறது என்பதை மறுப்பார் இலர்.

நம் நாட்டில் நடந்த ஆய்வு இதனினும் கூர்மையானது. கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களின் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த சிக்கல் வழிகளைத் தந்து, வழி கண்டுபிடிக்கச் செய்தனர். சாதி பேசப்படாத குழுக்களில், உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்க்கும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்க்கும் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. பெயரோடு சாதியையும் அனைவர் முன்னும் உரக்கச் சொன்ன குழுக்களில், தாழ்த்தப்பட்ட சிறுவரின் வெற்றி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2006-இல் வெளிவந்த இம்முடிவைப் படித்தபோது நம் நெஞ்சு கனத்தது. அறிவு ஒரு மணி நேரத்தில் குறைவதில்லை. 'எவ்வளவு செய்தாலும் நம்மை இப்படித்தான் மதிப்பார்கள்' என்னும் எண்ணம் ஒரு கணத்தில் எழக்கூடும். அவ்வெண்ணமே முயற்சியையும் பயனையும் வெட்டிப் பிரிக்கும் வாள்.

நாம் அறிந்த சிறுவன் ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டான். வகுப்பில் ஒருவர் நாள்தோறும் அவனை எழுப்பி நிறுத்தி, 'மக்கு' என்னும் பெயரைச் சூட்டி, பிறரைச் சிரிக்க வைத்தார். அவன் தேங்காய் உரிக்கச் சென்றான். மூன்றாண்டு கழித்து அவன் தாயார் நம்மிடம் அழைத்து வந்தபோது, அவன் முதலில் கேட்டது, "இங்க எல்லார் முன்னாடியும் நிக்கச் சொல்லுவீங்களா?" என்பதே. ஈராண்டு மாலைகளில், ஒரு பாடத்தை ஒரு கையளவாகப் பிரித்துப் பயின்று, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினான். பெற்ற மதிப்பெண் மிகுதியன்று. ஆயினும் அதன் ஒவ்வோர் எண்ணும் எந்த நாளின் உழைப்பால் வந்தது என்பதை அவன் அறிவான். கடுமை மாணவனைக் கெடுக்கும், அவன் உள்ளத்தைச் சுருக்கிப் பொய்யையும் மறைப்பையும் கற்பிக்கும் என்று இப்னு கல்தூன் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இயலில் விளக்கியிருக்கிறார். நாம் அதனை இன்னும் கற்று முடித்தபாடில்லை.

தமிழகம் செய்து பார்த்தவை

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நம் ஊருக்கு அண்மையிலுள்ள காந்திகிராமம், 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாராலும் ஜி. இராமச்சந்திரனாலும் தோற்றுவிக்கப் பெற்றது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்ததும், டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டமாக வகுத்ததுமான ஆதாரக் கல்வியைத் தழுவி வளர்ந்த நிறுவனம் அது. நூற்பும் நெசவும் தோட்ட வேலையும் பாடத்தின் நடுவே வைக்கப்பட்டன. நூல் அறுந்தால் பிள்ளைக்கு உடனே தெரியும். சிட்டத்தின் நீளமே கணக்குப் பாடம். கைக்கும் கருத்துக்கும் இடையில் பாலம் கட்டும் முயற்சி அது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, ஆந்திரத்து ரிஷிவேலியின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, 2007-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் மற்றொரு முயற்சி. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டன. 'கற்றல் ஏணி' ஒன்று சுவரில் தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறேன், அடுத்த படி எது என்பதை ஆறு வயதுக் குழந்தை தானே அறிந்தது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திற்கு இறங்கியது. எல்லாப் பள்ளிகளிலும் அது ஒரே தரத்தில் நடந்தது என்று கூற இயலாது. எனினும் அவ்வேணியில், முயற்சியும் பயனும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தன.

கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தபின், 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றினர். தமிழக ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம் குழந்தைகளை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலார், இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டனர். தெரிந்த முகம், சிறு குழு, அச்சமற்ற மாலை, விட்ட இடத்திலிருந்து தொடங்கும் பாடம்: செல்வம் மிகுதியாக வேண்டாத மருந்துகள் இவை.

நிறைவாக

அன்பார்ந்த மாணவர்களே! மறதி கண்டு அஞ்சாதீர்கள். ஏட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். இடைவெளி விட்டு மீண்டும் சொல்லிப் பாருங்கள். உங்களினும் இளையவர்க்குக் கற்றுக் கொடுங்கள். எட்டும் தொலைவில் ஓர் இலக்கு வைத்து, எட்டியதும் அடுத்ததை வையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! விடைத்தாளில் சிவப்பு மையால் இடும் எண்ணைவிட, 'இந்த இடத்தில் வழி தவறியது' என்று எழுதும் ஒரு வரி மாணவனுக்கு மிகுதியாகப் பயன்படும். ஒரு பிள்ளையின் சாதியோ வறுமையோ பழைய மதிப்பெண்ணோ வகுப்பில் உரக்கப் பேசப்படாதிருக்கட்டும்.

சமுதாயப் பெரியோர்களே! ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பதக்கமும் பொற்கிழியும் வழங்கி வருகிறீர்கள், அது பாராட்டுக்குரியது. 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. அதன் கருத்தை நாமும் எண்ணிப் பார்க்கலாம். முப்பதிலிருந்து ஐம்பதுக்கு உயர்ந்த பிள்ளையையும் அம்மேடைக்கு அழையுங்கள். அவன் ஏறிய படிகள், தொண்ணூறில் தொடங்கித் தொண்ணூற்றைந்தில் நின்றவன் ஏறியவற்றினும் மிகுதி. ஒவ்வோர் ஊரிலும் மாலையில் விளக்கெரியும் ஒரு படிப்பகத்தை அமையுங்கள். மூத்த மாணவர் இளையோர்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வேலை வாசலில் காத்திருக்கும் ஊர்களில், பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் ஆற்றல் இத்தகைய சிறு விளக்குகளுக்கு உண்டு.

கணக்கு வராத பிள்ளை என்று எவனும் இல்லை. தான் போட்ட கணக்கு சரியென்று காட்டப்படாத பிள்ளைகளே உள்ளனர். அதைக் காட்டுவது கற்றோர் அனைவர்க்கும் கடமையாகும்.